பல்லைப் பிடிச்சுப் பாரு மருமகனே

ஞாயித்துக்கிழமை காரை நீயே தூக்கி, நீயே கீழ படுத்து, நீயே ஆயில் மாத்தப் போறதாக் கேள்விப்பட்டேன் மருமகனே. சந்தோசம். ஒர்க்‌ஷாப்புல லேபர்னு கேக்குற காசு அநியாயந்தான். கப்பலூர் டோல்கேட்டுல உள்ளூர்க்காரனுக்கு எதுக்குக் காசுன்னு திருமங்கலத்து ஆளுக வருசக்கணக்கா மல்லுக்கட்டுறாக. அந்தப் பக்கத்துல பொறந்தவன் காசு விசயத்துல கறாராத்தான் இருப்பான். வீடியோவும் பாத்துட்டயாம். ஒரு பய காருக்குக் கீழ போயிட்டு, போட்ட வெள்ளைச் சட்டையில ஒரு கறையில்லாம வெளிய வந்துட்டானாமே. வண்டியைத் தூக்கி நிறுத்துன எடத்தை மட்டும் வேகமா ஓட்டிக் காட்டியிருப்பான். நமக்குத் தேவை அந்த வேகமா ஓடுன எடந்தான்.

எதை வச்சு நிறுத்தப் போறன்னு கேட்டா, டிக்கியில ஜாக்கி இருக்கு மாமாங்குற. இருக்கும். அந்த சிசர் ஜாக்கியைக் கம்பெனிக்காரன் குடுத்தது, வழியில பஞ்சராப் போனா ஸ்டெப்னி மாட்டுறதுக்கு. வெறும் ஜாக்கியில நிக்குற வண்டிக்குக் கீழ போகாதேன்னு வண்டியோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தை நீ பிளாஸ்டிக் உறை கிழியாமப் பத்திரமா வச்சிருக்க. பிரிச்சுப் படிச்சாப் பழசாயிரும்ல!

அது பத்தாதுன்னு பாட்டில் ஜாக்கி ஒண்ணு இரவல் வாங்கி வச்சிருக்கயாம். பத்து டன் தூக்கும்னு எழுதியிருக்காம். தூக்கும் மருமகனே, யாரு இல்லேன்னா? தூக்கும்னுதான எழுதியிருக்கான், தாங்கிக்கிட்டே நிக்கும்னு எழுதலையே. உள்ள இருக்குறது எண்ணெய். அந்த எண்ணெயை அடைச்சு வச்சிருக்குறது விரல் மொத்தங்கூட இல்லாத ரப்பர் வளையம். 1795ல இங்கிலாந்துல ஜோசப் பிராமாங்கிறவரு, தண்ணி அழுத்தத்துல வேலை செய்யுற பிரஸ்ஸுக்குப் பேட்டன்ட் வாங்குனாரு. பிஸ்டனைச் சுத்திக் கசியுற தண்ணியை அடைக்குறதுதான் மனுசனுக்குப் பெரிய தலைவலி. அவருகிட்ட வேலை பாத்த ஹென்றி மாட்ஸ்லேதான், குழிவா வளைச்ச தோலை உள்ள வச்சு அடைச்சாருன்னு சொல்வாக. தோலு போயி ரப்பர் வந்துருச்சு. கசியுற கொணம் மட்டும் போகல. மதுரை வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள கெடந்து காஞ்ச ரப்பரு, விடப் போறேன் பாத்துக்கன்னு சொல்லிட்டா விடும்? எண்ணெயைத் திறந்து விடுற திருகு வேற அடியில இருக்கு. கீழ படுத்துக்கிட்டு நீ காலை நீட்டுற அதே பக்கம்.

அப்புறம் ஹாலோ பிளாக்கு. வீடே அதுமேல நிக்குது, காரு நிக்காதான்னு ஒரு கேள்வி கேட்டயாமே, நல்ல கேள்வி. வீட்டுச் செவுத்துல கல்லுமேல கல்லு முழுசா ஒக்காந்து, பாரம் பரவிப் போகுது. காரு ஒக்காருறது ரெண்டு விரக்கடை எடத்துல. சிமிண்டுக் கல்லு வளையாது, முனகாது. ஒரு கீறல் விழும், அடுத்த நொடி பொடிஞ்சு போகும். செங்கலும் அதே ரகந்தான். மரக்கட்டைன்னாலாவது நசுங்கி, நெறுநெறுன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் போகும். அம்மிக்கல்லு நெனப்பும் ஒனக்கு வந்திருக்கும். ஒங்க அத்தை குடுத்திருக்க மாட்டா.

ஆக, தூக்குன வண்டியைத் தாங்கிக்கிட்டே நிக்குற ஜாக் ஸ்டாண்டு வாங்கித்தான் ஆகணும். ஒரு ஜோடி வாங்குனா ஒரு டயர் வெலையை ஒட்டித்தான் வரும். டயருக்குப் பேரம் பேசாமக் குடுக்குற, இதுக்கு மட்டும் ஏன் கை நடுங்குதோ.

மாடு வாங்கப் போனா நம்ம ஆளுக வாயைப் பிளந்து பல்லை எண்ணுவாக. தானமா வந்த மாட்டுக்கு மட்டும் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேன்னு சொலவடை. ஸ்டாண்டுக்கு அந்தச் சொலவடை ஆகாது. தானமா வந்தாலும் தள்ளுபடியில வந்தாலும் மொத வேலை பல்லைப் பாக்குறது. கேலிக்குச் சொல்லல, அதுல நெசமாவே பல்லு இருக்கு. நடுத்தண்டுல ஒரு பக்கம் பல்லு பல்லா வெட்டியிருப்பான். கைப்பிடியோட சேந்த ஒரு கொண்டி அதுல விழுந்து மாட்டிக்கிரும். அந்த ஸ்டாண்டு தாங்குற பாரம் மொத்தமும் அந்த ஒத்தப் பல்லு மேலதான்.

அமெரிக்காவுல ஹார்பர் ஃபிரெய்ட்னு டூல்ஸ் விக்கிற பெரிய கம்பெனி இருக்கு. பிட்ஸ்பர்க்குங்கிற பேருல அவுக வித்த 3 டன், 6 டன் ஸ்டாண்டுக, சுமார் 17 லட்சத்தை, 2020ல திரும்ப வாங்கிக்கிறோம்னு அறிவிச்சாக. என்ன குத்தம்? கொண்டி பல்லுக்குள்ள போதுமான ஆழத்துக்கு எறங்கல. வண்டி லேசா அசைஞ்சாக் கொண்டி நழுவி, தண்டு சட்டுன்னு கீழ போயிரும். அதுக்கு மாத்தா வித்த இன்னொரு 3 டன் ஸ்டாண்டுல சிலதுக்கு வெல்டிங் சரியில்லைன்னு, அதே வருசம் அதையும் திரும்பக் கேட்டாக. பேரு பெத்த கம்பெனி, பளபளன்னு பெட்டி, பெட்டிமேல டன் கணக்குல எழுத்து, ஒண்ணுக்கும் கொறச்சலில்ல. பல்லுதான் படியல.

அதனால கடையிலயே தண்டை முழுசா மேல இழுத்து, ஒவ்வொரு பல்லா எறக்கிப் பாரு. கொண்டி பல்லோட அகலம் முழுக்க ஒக்காரணும். நுனியில தொத்திக்கிட்டு நின்னா அங்கயே வச்சுட்டு வந்துரு. கைப்பிடி பாதியில நிக்காமக் கடைசி வரைக்கும் கீழ வரணும். அப்புறம் தண்டை அமுக்கி, நாலு பக்கமும் ஆட்டு. கடைக்காரரு மொறைப்பாரு. மொறைக்கட்டும், கீழ படுக்கப் போறது அவரா? கால் சேருற எடத்துல வெல்டிங் விட்டு விட்டு இருக்கா, ஒரே ஓட்டமா இருக்கான்னு பாரு. ஒரு எடத்துல மட்டும் பெயிண்டு மொத்தமா அப்பியிருந்தா நகத்தால சொரண்டு.

என்னையக் கேட்டா பின் மாடல்தான் வாங்கச் சொல்வேன். வரிசையா ஓட்டை போட்ட தண்டு, குறுக்க ஒரு கனத்த பின்னு. பல்லும் கெடையாது, நழுவுறதுக்குக் கொண்டியும் கெடையாது. உசரம் மட்டும் ஓட்டைக்கு ஓட்டைதான் மாத்த முடியும், நெனச்ச அளவுக்கு வராது. இன்னொரு சங்கடம், பின்னு தொலைஞ்சு போகும். தொலைஞ்சா ஸ்க்ரூ டிரைவரைச் சொருகுவான் ஒருத்தன், கட்டடத்துக் கம்பியில ஒரு துண்டை வெட்டிச் சொருகுவான் இன்னொருத்தன். நீ எந்த ரகம்னு எனக்குத் தெரியும். வாங்குன அன்னைக்கே பின்னைச் சங்கிலி போட்டு ஸ்டாண்டுலயே கட்டிரு. பல்லும் வச்சு, குறுக்க பின்னும் போடுற டபுள் லாக் மாடலும் வருது, அதுவும் நல்லதுதான்.

3 டன்னுன்னு எழுதியிருந்தா அது ஒத்தைக்கா ஜோடிக்கான்னு பாரு. ரெண்டு விதமாவும் போடுவாக. ஸ்விஃப்ட்டு மாதிரி வண்டி ஒரு டன்னுகூட வராது. முன்பக்கத்தைத் தூக்குனா எஞ்சின் பாரத்தோட சேத்து ஒரு ஸ்டாண்டுக்கு முந்நூறு கிலோ வந்தாலே அதிகம். அப்ப எதுக்கு மாமா 3 டன்னும்ப. இறுகிப்போன போல்ட்டை நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்பேனரால இழுப்பேல்ல, அப்ப வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு, ரெண்டு ஸ்டாண்டு பாரமும் ஒத்த ஸ்டாண்டுல ஏறும். அதுக்குத்தான். போக, பெரிய ஸ்டாண்டுக்கு அடி அகலம். அகலமான அடியும் கொறைஞ்ச உசரமும் இருந்தாச் சாயுறது கஷ்டம். வேலைக்கு எம்புட்டு உசரம் வேணுமோ அதோட நிறுத்து. ஒக்காந்து காப்பி குடிக்கிற அளவுக்குத் தூக்க வேண்டாம்.

சிட்கோ தொழிற்பேட்டையில இருக்க ஒன் கூட்டாளி ஆங்கிள் வெட்டி ஸ்டாண்டு அடிச்சுத் தர்றேன்னானாமே, ரெண்டு பிரியாணி காசுல. கெட்டிக்காரப் பயதான், அவன் அடிச்ச கேட்டு பத்து வருசமா நிக்குது. கேட்டுக்குக் கீழ யாரும் படுக்குறதில்ல. இது எம்புட்டுப் பாரம் தாங்கும்னு கேட்டுப் பாரு, ஏறி நின்னு குதிச்சுக் காட்டுவான். பய எடை அறுபது கிலோ.

இனி தரை. ஒங்க வீட்டுப் போர்டிகோ மழைத்தண்ணி ஓடணும்னு ரோட்டைப் பாக்கச் சாய்ச்சுக் கட்டுனது. அந்தச் சரிவுல தூக்காத. சித்திரை வெயில்ல தார் ரோட்டுல வச்சா ஸ்டாண்டு காலு புதையும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலைச் சொல்லவே வேணாம், காஞ்சா வெடிக்கும், நனைஞ்சா உள்வாங்கும். மட்டமான சிமிண்டுத் தரை வேணும். இல்லாட்டி நாலு காலும் உள்ள அடங்குற மாதிரி கனமான இரும்புத் தகடு போடு.

ஹேண்ட் பிரேக் போட்டுட்டேன்னு தெம்பா இருப்ப. அது பெரும்பாலான காருல பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிட்டா, அந்தரத்துல தொங்குற சக்கரத்தைப் பிடிச்சு என்ன புண்ணியம்? முன் சக்கரம் இழுக்குற வண்டின்னா அப்ப கியர்தான் காப்பாத்தும். முன்பக்கத்தைத் தூக்குனா கியர் ஒதவாது, ஹேண்ட் பிரேக் ஒதவும். இந்தக் கணக்கெல்லாம் கொழம்பும்னா, தரையில இருக்க ரெண்டு சக்கரத்துக்கும் முன்னயும் பின்னயும் ஆப்பு வச்சுரு. கொழம்பாட்டியும் வையி.

ஸ்டாண்டை சேஸுக்கோ, வெளிம்புல அதுக்குன்னே காட்டியிருக்க எடத்துக்கோ குடு. ஆயில் சம்புக்குக் குடுத்தா ஆயில் தானா மாறிரும், ஒனக்கு வேலை மிச்சம். ரெண்டு பக்கமும் குடுத்து, ஜாக்கியை மெதுவா எறக்கி, வண்டி ஸ்டாண்டுல ஒக்காந்ததும் வெளிய நின்னுக்கிட்டே இடுப்பை வச்சு நல்லாத் தள்ளிப் பாரு. விழுற வண்டி நீ வெளிய இருக்கும்போதே விழட்டும். நிக்குதுன்னா ஜாக்கியைத் தொட்டும் தொடாம அங்கயே விடு. ஸ்டெப்னியைப் படுக்க வச்சு சேஸுக்குக் கீழ தள்ளு. எல்லாம் கை விட்டாலும் ஆளு நசுங்காமக் கொஞ்சம் எடமாவது மிஞ்சும்.

1911ல டி.வி.சுந்தரம் அய்யங்கார் கம்பெனி ஆரம்பிச்ச காலத்துலருந்து வண்டியை மேய்ச்ச ஊரு மதுரை. பஸ் டெப்போவுல பாத்திருப்ப, பள்ளம் வெட்டி, வண்டியைச் சக்கரத்துலயே நிக்க விட்டு, ஆளு கீழ நின்னு வேலை பாப்பாக. டன் கணக்குல இரும்பைப் பாத்தவுக, தூக்குறதுக்குப் பதிலாத் தரையைத் தோண்டிக்கிட்டாக. நீ போர்டிகோவைத் தோண்டுனா ஒங்கப்பா ஒன்னையப் பள்ளத்துக்குள்ள வச்சு மூடிருவாரு, அதனால ஸ்டாண்டே வாங்கு.

கீழ போறதுக்கு முன்னாடி எந் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. போனைக் கை எட்டுற எடத்துல வையி. நெஞ்சுமேல பாரம் ஏறிட்டா மூச்சே விட முடியாது, சத்தம் எங்க போடுறது? பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அவ எட்டிப் பாக்கட்டும். மாமாதான் சொன்னாருன்னு மட்டும் அவகிட்டச் சொல்லித் தொலைக்காத. அம்புட்டும் தெரிஞ்ச எங்கண்ணனையே வந்து மாத்தித் தரச் சொல்லுன்னுருவா. எனக்கு முட்டி மடங்காது.