கத்திரிக்கோலை எடுத்தது யார்?

போன ஞாயிறு பிற்பகல், தென்சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஐந்து தோழிகள் பாய் விரித்து, ஒட்டுத்துணிப் போர்வை தைக்க உட்கார்ந்தார்கள். உடனே தைக்கத் தொடங்கவில்லை. துணிக் கத்திரிக்கோலால் யாரோ பால் பாக்கெட்டை வெட்டியிருந்தார்கள்.

'யாரோ' என்பது ஒரு மரியாதைக்கு. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் இந்தக் கட்டுரையை எழுதுபவர். இன்னொருவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் எடுக்கவே இல்லையே" என்றார். கத்திரியின் நுனியில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. துணித் துண்டுகளுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு பொடி முக்கோணம் கிடந்தது. அது பிளாஸ்டிக் என்று கவனிக்காமல் கணக்கு டீச்சர் அதையும் ஓரம் மடித்து ஊசி குத்திப் பார்த்தார்.

ஐந்து பேர் சேர்ந்து ஒரு போர்வையை எப்படித் தைத்து முடிப்பது என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கும் அதுதான். அதற்கு முன் கத்திரிக்கோல் விஷயத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்.

தையற்காரர் கத்திரியின் பிடி ஒரு பக்கமாக வளைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கீழ் அலகு மேசையோடு படிந்து நகர வேண்டும். துணியை மேலே தூக்கக் கூடாது. கொஞ்சம் தூக்கினாலும் சதுரம் கோணிவிடும். இப்பேர்ப்பட்ட கருவியைத்தான் நம் குடும்பங்கள் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டின் காதைக் கிள்ள எடுக்கின்றன. ஆறேகாலுக்குக் காபித்தூள். எட்டு மணிக்குத் தோசை மாவு. பத்து மணிக்குக் கூரியர். அதற்குக் கத்திரியைத் திறக்கக்கூட மாட்டார்கள், கத்தி மாதிரிப் பிடித்து நீளவாக்கில் ஒரு கிழி. பதினொன்றுக்கு ஸ்விட்ச் போர்டில் ஒரு திருகாணி கழன்றிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பரணில் இருக்கிறது, கத்திரி கையில் இருக்கிறது. மதியம் மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்டுவார்கள். சாயங்காலம் துணி காயப்போடும் நைலான் கயிறு, அப்படியே மாடித் தொட்டியில் கறிவேப்பிலைக் கொத்து. மீன் வாங்குகிற வீடென்றால் துடுப்பும் வாலும். ராத்திரி கண்ணாடி முன்னால் மீசை. இத்தனையும் முடிந்தபின் அது பெட்டிக்குத் திரும்பி வருகிறது, நன்றாகக் கழுவப்பட்டு. கழுவியதுதான் உச்சக்கட்டக் கொடுமை. துடைக்காததால் அச்சாணியில் துரு.

கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "வெட்டத்தானே கத்திரி?"

காகிதம் வெட்டினால் கத்திரி மழுங்கும் என்பதைப் பாட்டி காலத்துப் பயமுறுத்தலாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் மர நார் மட்டும் இருந்தால் பரவாயில்லை. வெண்மைக்கும் வழவழப்புக்கும் அதில் கால்சியம் கார்பனேட் தூளும் கயோலின் என்ற வெண்களிமண்ணும் கலக்கிறார்கள். வெட்டும் ஒவ்வொரு முறையும் அந்தத் துகள்கள் அலகின் கூர்மையைத் தேய்க்கின்றன. தேய்ந்த பிறகும் அதே கத்திரி காகிதத்தை ஒழுங்காகத்தான் வெட்டும். மல் துணியைக் கொடுத்தால் வெட்டாமல் மெல்லும். அதனால் குற்றவாளிக்கு எப்போதும் ஆதாரம் கையில் இருக்கிறது. "பாரு, நல்லாத்தானே வெட்டுது" என்று ஒரு மின்கட்டண ரசீதை வெட்டிக் காட்டுவார். அதாவது, இன்னொரு முறை மழுங்கடிப்பார்.

உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் பழைய வண்டி, ரயில் பாகங்களின் எஃகிலிருந்து கத்திரி செய்கிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தாத்தா வாங்கினால் பேரனும் சாணை பிடித்துப் பிடித்துப் பயன்படுத்தலாம் என்பது அந்தத் தொழிலின் பெருமை. பால் பாக்கெட்டைக் கணக்கில் சேர்க்காமல் சொன்ன பெருமை அது. சாணை பிடிப்பவரோ இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. சைக்கிள் பெடலை மிதித்துக் கல்லைச் சுழற்றியபடி தெருவில் குரல் கொடுப்பவரை அடுக்குமாடிக் காவலாளி கேட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறார். படி இறங்கி ஓடிப் பிடித்தால், அவர் அலகை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தனிக் கூலி கிடையாது.

குழுவில் ஆளுக்கொரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. முன்னாள் வங்கி அதிகாரி தன் கத்திரியை பீரோவின் உள்லாக்கரில், நகைகளோடு வைக்கிறார். கணக்கு டீச்சர் இரண்டு பிடிகளையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டுப் போட்டார். சாவி தொலைந்தது, கத்திரி இன்றும் கன்னி கழியாமல் இருக்கிறது. ஜவுளிக் கடையில் வேலை பார்த்த தோழி, வம்பே வேண்டாம் என்று ரோட்டரி கட்டருக்கு மாறினார். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த உருளைக் கத்தி அது. பல அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும். அவருடைய மகன் அதைக் கண்டுபிடித்த நாளில் வீட்டில் பீட்சா. இதை எழுதுபவர் பெட்டிமேல் 'துணிக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். அந்தத் தாளையும் அதே கத்திரியால்தான் வெட்டினார் என்று குழுவில் பரவியிருப்பது வெறும் அவதூறு.

சரி, போர்வை.

இவர்கள் தைக்க நினைப்பது கவந்தி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், யெல்லாப்பூர், ஹளியாள் பக்கங்களில் வாழும் சித்தி இனப் பெண்களின் கைவேலை. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். கவந்தியில் பஞ்சு கிடையாது. சென்னைக்கு அதுவே பெரிய நிம்மதி. அடியில் ஒரு பழைய புடவை, மேலே துண்டுகள். ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைக்க வைக்க ஓட்டுத்தையல் போட்டபடி சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாவிட்டால் அவர்கள் கணக்கில் அந்தப் போர்வை அம்மணம்.

நான்கு மூலை, ஐந்து பேர். வங்கி அதிகாரி, யாரும் கேட்காமலே, மேற்பார்வையை ஏற்றுக்கொண்டார். டீச்சரின் தையல் கண்ணாடி போட்டால்தான் தெரியும். ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவரின் தையலில் கால் கட்டைவிரல் மாட்டும். அவருடைய பழைய நோயாளிகளை நினைத்து மற்றவர்கள் மௌனம் காத்தார்கள். நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு விதமாக இழுபட்டு வந்த துணி நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. "ஜீஸ் பெண்ட் ஸ்டைல்னு சொல்லிடலாம்க்கா" என்றார் ஜவுளிக் கடைத் தோழி.

இதை எழுதுபவருக்கு இந்தப் பேச்சு சுத்தமாகப் பிடிக்காது. அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் வயல்வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளில் தைத்த போர்வைகள், 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளில் வந்தன. 1966இல், வாக்குரிமைக்குப் போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவு அமைத்துப் போர்வை விற்றார்கள். நேர்கோடு எங்கே வளைய வேண்டும் என்று தெரிந்து வளைத்தவர்கள். காபி ஆறிவிடுமே என்று அவசரமாகத் தைத்ததற்கு அவர்கள் பெயரை வைப்பது அநியாயம். சொன்னதும் கூடத்தில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பஜ்ஜி வந்தது.

சென்னையில் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகின் அதுவரையிலான மிகப் பெரிய குரோஷே போர்வை என்ற கின்னஸ் சாதனை 2016 ஜனவரியில் இதே சென்னையில்தான் நடந்தது. 11,148 சதுர மீட்டர். அன்றைக்கும் இங்கே யாருக்கும் குளிரவில்லை. போர்வை தைப்பதற்கும் குளிருக்கும் சம்பந்தம் இருப்பதாக இந்தக் குழு எப்போதும் சொன்னதில்லை. முதல் போர்வையைப் பரிசாக வாங்கிக்கொண்ட உறவினர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அடுத்த முறை போனபோது அதை மேசையில் விரித்து, மேலே சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "ரொம்ப உபயோகமா இருக்கு அக்கா" என்றார்.

இந்தக் கவந்தியை ஐந்து பேர் சேர்ந்து எப்படி முடிப்பது என்பதை, முடிந்த பிறகு எழுதலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் பாக்கி. போர்வை தைக்கும் செய்தி பரவி, பை பையாகத் துணி வருகிறது. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் புடவை, லுங்கி, வேட்டி எது வந்தாலும் சந்தோஷம். நைலக்ஸ், ஜார்ஜெட், ஊசி இறங்காத சஃபாரி சூட் வேண்டாம். கொலுவுக்கு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி கண்டிப்பாக வேண்டாம். போன மாதம் வந்த பையில் இருந்த மெரூன் துணி, டீச்சர் தன் கையால் எப்போதோ ஒருவருக்குக் கொடுத்தது. ஓரத்தில் குங்குமக் கறைகூட அதே இடத்தில் இருக்கிறது. ரவிக்கைத் துணியை அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள்.