60-ஆம் நாளில் குணமானவன் எழுதுவது

மாட்சிமை தங்கிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவினருக்கு,

முதலில் நன்றி. ரத்தப் புற்றுநோய்க்காக என் அக்கா தந்த எலும்பு மஜ்ஜையை எனக்கு மாற்றியபோது, கேள்வி மேல் கேள்வி கேட்டாலும் கடைசியில் பணத்தைக் கொடுத்தீர்கள். இந்தச் சிகிச்சையைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாதென்று 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டதால்தான் கொடுத்தீர்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பொறாமைக்காரர். உங்கள் தாராள மனதை நான் அறிவேன்.

அதைவிடப் பெரிய உபகாரம் நீங்கள் செய்தது வேறு. டிஸ்சார்ஜ் ஆன 60-ஆம் நாளோடு என்னை முழுமையாகக் குணப்படுத்திவிட்டீர்கள். அதற்குமேல் எந்தச் செலவும் 'சிகிச்சைக்குப் பிந்தைய காலத்துக்குள் வராது' என்று எழுத்து மூலமாகவே தெரிவித்திருக்கிறீர்கள். என் டாக்டருக்குத்தான் இந்த விவரம் எட்டவில்லை. மஜ்ஜையை மாற்றியது ஆரம்பம்தான், அக்காவின் அணுக்கள் என் உடம்போடு ஒத்துப்போகும்வரை விடக் கூடாது என்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்ரோலிமஸ் மாத்திரை விழுங்க வைக்கிறார். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு குறைந்தால், அக்காவின் அணுக்கள் என் தோலையும் ஈரலையும் குடலையும் அந்நியர் என்று நினைத்துத் தாக்குமாம். கூடினால் கிட்னிக்கு ஆகாது, கையும் நடுங்கும். கீழே என் கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு மரியாதைக் குறைவு காரணமல்ல. பம்ப்ளிமாஸ் பழம்கூட அந்த அளவை ஏற்றிவிடும் என்பதால் அதையும் தொடக் கூடாது. அந்தச் செலவு மிச்சமானது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

இந்தத் தாக்குதலில் நாள்பட்ட வகை ஒன்று உண்டு. கண் வறளும், வாய் புண்ணாகும், தோல் இறுகும். பெரும்பாலும் நூறு நாளைத் தாண்டித்தான் அது தலைகாட்டுகிறது. உங்கள் 60 நாளுக்குள் வந்து போயிருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். நோய்க்குப் பாலிசி விதிமுறைகளைப் படிக்கும் பழக்கமில்லை. சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதால் இருக்கலாம்.

மருந்தின் அளவைப் பார்க்க, காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். ஊசி குத்தி எடுக்க இரண்டு நிமிடம். இந்த பில்லை அனுப்பியபோது, 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பரிசீலிக்க முடியும் என்றீர்கள். நியாயம்தான். மிச்ச நேரம் படுக்கையில் கிடந்துவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் அலறிவிட்டார். எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்துக் குறைத்து வைத்திருப்பவன், காரணமில்லாமல் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கினால் தக்க காரணத்தோடு பல ராத்திரிகள் தங்க வேண்டிவரும் என்கிறார். அந்தப் பல ராத்திரிகளுக்கு நீங்கள் பணம் கொடுப்பீர்கள் என்று தெரியும். இரண்டு நிமிடத்துக்குத்தான் கொடுக்க மாட்டீர்கள். இந்தக் கணக்கை உங்கள் நிறுவனத்தில் யாராவது ஒருவர் கூட்டிப் பார்த்தாரா என்று கேட்பது என் தகுதிக்கு மீறியது.

தடுப்பூசி விஷயத்துக்கு வருகிறேன். மஜ்ஜை போனபோது குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பெரும்பாலும் போய்விட்டது. நிமோனியா, டெட்டனஸ், மஞ்சள் காமாலை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். தட்டம்மை ஊசிக்கோ குறைந்தது இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்; அது உயிருள்ள கிருமியில் செய்தது. கிளினிக்கில் மடியில் அழுகிற குழந்தைகளுக்கு நடுவில், நரைத்த மீசையோடு நானும் அட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பில்லைத் திருப்பி அனுப்பினீர்கள். விலங்கு கடித்தால் மட்டுமே தடுப்பூசிக்குப் பணம் உண்டு என்று விதி இருக்கிறதாம். எங்கள் தெருவில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. நிமோனியா ஊசிக்கு எந்த நாய் கடித்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று மட்டும் தெரிவித்தால் ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

இவ்வளவும் செய்தும் எனக்கு நோயில்லை என்ற உங்கள் தீர்ப்பில் நான் உறுதியாக இருந்தேன். அந்த தைரியத்தில்தான் காப்பீட்டுத் தொகையைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி விண்ணப்பித்தேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது. உங்கள் வரலாற்றில் இவ்வளவு வேகமான பதில் இதுவாகத்தான் இருக்கும். 'தீவிர நோய்க்குத் தொடர் சிகிச்சையில் இருப்பதால்' கூட்ட இயலாதாம். ஆக, பணம் கேட்கும் மேஜையில் நான் 60-ஆம் நாளே குணமானவன். தொகையைக் கூட்டச் சொல்லும் மேஜையில் இன்றுவரை நோயாளி. இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டால் அதில் உட்கார்ந்து என் மாத்திரையையாவது போட்டுக்கொள்வேன்.

கடைசியாக, விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பியிருக்கும் கடிதம். பாலிசி எடுத்தபோது என் ரத்த வகை பி பாசிட்டிவ், இப்போதைய அறிக்கையில் ஓ பாசிட்டிவ். ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்திருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்துத்தான் நடந்தது. மஜ்ஜை தந்தவரின் வகைக்கே பெற்றவரின் ரத்தமும் மாறிவிடும். இன்னும் ஆராய்ந்தால் ரத்தத்தின் டிஎன்ஏவும் அக்காவுடையதாகவே இருக்கும். குரோமோசோமைப் பார்த்தால் பெண் என்றே சொல்லும். அதற்கும் தனிக் கேள்வி அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நேரில் விசாரிக்க விரும்பினால் கூட்டமான உங்கள் அலுவலகத்துக்கு என்னால் வர முடியாது, அக்காவை அனுப்புகிறேன். தன் மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்த பரிசோதனைக்கு நீங்கள் தராமல் விட்ட பணத்தைப் பற்றி அவளுக்கும் சில சந்தேகங்கள் இருக்கின்றன. அன்றைக்கு மேலாளர் விடுப்பில் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கையெழுத்துக்கு மட்டும் சொந்தக்காரனான
உங்கள் பாலிசிதாரர்