கோலம் இல்லாத வாசல்

கே: கோடை விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். வாசல் கிரில்லுக்கு எவ்வளவு பெரிய பூட்டு போடலாம்? (திருவதிகை வாசகி)

ப: எவ்வளவு பெரிய பூட்டோ, அவ்வளவு தூரத்திலிருந்தே தெரியும், உள்ளே ஆள் இல்லையென்று. பூட்டை உடைக்க ஒரு கடப்பாரை போதும். ஆள் இருக்கிற வீட்டுக்குள் நுழையத்தான் துணிச்சல் வேண்டும். உங்கள் ஊர் வீரட்டானேஸ்வரர், முப்புரமும் ஒரே நேர்கோட்டில் வரும் நொடிக்குக் காத்திருந்து எரித்தார். திருடனும் (சுவாமி மன்னிக்க வேண்டும்) மூன்றுக்காகக் காத்திருக்கிறான்: கோலம் இல்லாத வாசல், சுருட்டியபடியே கிடக்கும் பேப்பர், பட்டப்பகலில் எரியும் வாசல் லைட். பால், பேப்பர் இரண்டையும் நிறுத்துங்கள். லைட்டுக்கு டைமர் வையுங்கள். கதவில் உள்பூட்டு, கிரில்லில் உட்புறமாகத் தொங்கும்படி ஒரு பூட்டு. அது போதும்.

கே: தினமும் வாசல் தெளித்துக் கோலம் போட எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போ என்கிறார் மாமியார். இது என்ன பழைய காலமா? (பண்ருட்டி)

ப: மாமியார் சொல்வதைக் கேளுங்கள். அதைவிட மலிவான பாதுகாப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. அக்காவுக்கு ஊரிலிருந்து பட்டுப்புடவை வாங்கி வந்தாலும் லாபம் உங்களுக்கே.

கே: நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். மத்திய தொழில் பாதுகாப்புப் படை இருக்கிற ஊரில் என்ன பயம்?

ப: அவர்கள் சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் காக்க வந்தவர்கள். 1956-இல் தொடங்கிய அந்தச் சுரங்க நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் உங்கள் பீரோ இல்லை. டவுன்ஷிப்பின் சிக்கலே வேறு. பலருக்கும் சொந்த ஊர் வெளியில். பொங்கல், தீபாவளி வந்தால் ஒரு வரிசையே மொத்தமாகப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அழகழகாக வளர்த்த மரமும் வேலிச்செடியும் வந்தவனை மறைத்துக்கொடுக்கும். ஆகவே வரிசையில் ஒரு குடும்பமாவது ஊரில் இருக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஜன்னலோரக் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

கே: ஊருக்குப் போவதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லச் சொல்கிறார்களே, அது வீண் வேலைதானே?

ப: வீண் இல்லை. பூட்டிய வீடுகளைக் குறித்துக்கொண்டு ரோந்துக்காரர்கள் அந்தத் தெருப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். முகவரி, போகும் தேதி, வரும் தேதி, உங்கள் எண், பக்கத்து வீட்டார் எண் என எல்லாவற்றையும் எழுதிக்கொடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் 112 என்ற அவசர எண்ணையும் சொல்லிவையுங்கள். சத்தம் கேட்டதும் அவர்கள் முதலில் உங்களைக் கூப்பிட, நீங்கள் ஊட்டியிலிருந்து பதறுவதால் பயனில்லை.

கே: சிசிடிவி மாட்டியாயிற்று, அலாரமும் வைத்தாயிற்று. நிம்மதியாகத் தூங்கலாமா?

ப: 2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டன் ஹாட்டன் கார்டனில் நகைப் பெட்டகத்தின் கான்கிரீட் சுவரைத் துளைத்தார்கள் சில கிழவர்கள். மூத்தவருக்கு வயது 76, வந்தது முதியோர் இலவச பஸ் பாஸில்! அலாரம் ஒழுங்காகத்தான் அடித்தது. போலீஸ் வரவில்லை. காவலாளி வந்தார், வெளிக்கதவு சரியாக இருப்பதைப் பார்த்தார், போய்விட்டார். கருவி கத்தும். கத்துவதைக் கேட்டு வந்து உள்ளே பார்க்க ஓர் ஆள் வேண்டும். இன்னொன்று, கேமராவின் பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தால் டிவியோடு அதுவும் போகும்.

கே: மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போகலாமா?

ப: கேமராவும் சேர்ந்து அணைந்துவிடும். ஃப்ரிட்ஜும் அணைந்து உள்ளே பலாச்சுளை அழுகினால், அந்த வாடைக்கே திருடன் வாசலோடு திரும்பிவிடுவான் என்பது மட்டுமே ஆறுதல். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், மோட்டார் சுவிட்சை அணையுங்கள், தேவையில்லாத பிளக்கைப் பிடுங்குங்கள்.

கே: நகையை பேங்க் லாக்கரில் வைத்தால் முழுப் பாதுகாப்புதானே?

ப: பீரோவைவிட நூறு மடங்கு மேல். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி (2022 ஜனவரி முதல்) திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு வந்தால் வங்கி தர வேண்டிய தொகை, ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இன்றைய விலையில் எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்குப் பொதுவாகப் பொறுப்பில்லை. கெடிலம் ஆற்றங்கரைக்காரர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

கே: வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. திருடு போனால் பணம் வருமா?

ப: பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ தீ, புயல், வெள்ளத்துக்கானது. அந்த விபத்தின் காரணமாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும் அதில் சேரும். சாதாரணக் கன்னக்கோலுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

கே: ஊட்டியில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடலாமா?

ப: போடலாம், வீடு திரும்பிய பிறகு.

கே: பிடிபட்டால் எத்தனை வருஷம்?

ப: வீட்டில் திருடினால் ஏழு வருஷம் வரை, இரவில் கன்னம் வைத்துத் திருட நுழைந்தால் 14 வரை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா. அடகுக் கடையில் உருகிய தாலியை மீட்க அதில் பிரிவு ஏதும் இல்லை.

கே: சாவியை எங்கே வைத்துவிட்டுப் போவது? மீட்டர் பெட்டி, செருப்பு ஸ்டாண்ட், துளசி மாடம் மூன்றில் எது நல்லது?

ப: அவனும் இந்த வரிசையில்தான் தேடுவான்.