மாண்டவியில் மிதக்கும் ஒழுக்கம்

கோவாவுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் முதலில் கொஞ்சம் சட்டம் படித்துக்கொள்ளுங்கள். 1976-ம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டப்படி அங்கே சூதாட்டம் குற்றம். 1992-ல் ஒரு திருத்தம் வந்தது: ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குள் இயந்திரத்தில் ஆடினால் குற்றமில்லை. 1996-ல் இன்னொன்று: கப்பலில் மேசை போட்டு ஆடினாலும் குற்றமில்லை. ஆக, ரூலட் சக்கரத்தைக் கரையில் கையால் சுழற்றினால் பாவம். மின்சாரம் சுழற்றினால் சுற்றுலா வளர்ச்சி. தண்ணீருக்கு மேலே என்றால் கையால் சுழற்றினாலும் தோஷமில்லை. தெருமுனையில் துண்டு விரித்து மூணு சீட்டு போடுகிறவன்தான் பாவம், லாக்கப்புக்குப் போக வேண்டும். அவனிடம் கப்பல் இல்லையே!

கப்பல் என்றதும் நடுக்கடலுக்குப் போக வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். பணஜி நகரத்தை ஒட்டி, மாண்டவி ஆற்றிலேயே நங்கூரம் போட்டு நிற்கின்றன. ஆற்றைவிட்டு இவற்றை அகற்றுவோம் என்று முழங்கிய கட்சி 2012-ல் ஆட்சிக்கு வந்தது. கப்பல்கள் நகரவில்லை. கெடு தேதிதான் நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

கரையில், பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில், அபே ஃபாரியாவின் சிலை இருக்கிறது. மனோவசியக் கலைக்கு முன்னோடியான கோவாக்காரர். இரண்டு கைகளையும் நீட்டி ஒரு பெண்ணை மயக்கிக்கொண்டிருக்கிறார், காசு வாங்காமல். ஆற்றில் மின்னும் விளக்குகளுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

உள்ளே சாப்பாடும் சரக்கும் நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கம். 21 வயது ஆகாதவருக்கு ஆட்டமேசைப் பக்கம் அனுமதியில்லை. அதனாலென்ன, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகச் சில கப்பல்களில் விளையாட்டு அறையே வைத்திருக்கிறார்கள். அப்பா ஒரு பக்கம் விளையாட, மகன் ஒரு பக்கம் விளையாட, என்ன குடும்பப் பாங்கு! ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்துப் பாருங்கள்: 36 ரூபாய் திரும்பி வரும். அந்த ஒரு ரூபாயில்தான் கப்பலும் மிதக்கிறது, உங்கள் ‘இலவச’ பிரியாணியும் வேகிறது. அரசு அவ்வளவு நேரம்கூடக் காத்திருப்பதில்லை. சிப் வாங்கும் தொகை முழுவதற்கும் 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரிலிருந்து 40. நீங்கள் தோற்பதற்கு முன்பே அது ஜெயித்துவிடுகிறது.

எனக்கு வயிறு எரிவது இதற்கெல்லாம் அல்ல. 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் அங்கே போய் ஆடக் கூடாது. வேலை பார்க்கலாம், சீட்டுப் போட்டுக் கொடுக்கலாம். ஆட மட்டும் கூடாது. ஏன்? குடும்பம் கெடும், கடன் ஏறும், தாலி அடகுக்குப் போகும். எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டுதான் அடுத்த மாநிலத்துக்காரனுக்கு இலை போடுகிறார்கள். தன் ஓட்டுப்பெட்டிக்கு வருகிறவன் மட்டும் மனிதன். மற்றவன் மனைவிக்குத் தாலி கிடையாது போலிருக்கிறது.

ஐயா ஆட்சியாளர்களே, விஷம் என்று தெரிந்தால் எல்லாருக்கும் கதவைச் சாத்துங்கள். விருந்துதான் என்றால் உங்கள் ஊர்க்காரர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.