உலர் துண்டு: அருவி விழாத காலத்துக் குற்றாலப் பயணம் குறித்த ஆய்வு முன்னோட்டம்

சீசன் நாளில் குற்றாலம் போவது பற்றித் தமிழில் எழுதிக் குவித்துவிட்டார்கள். சீசன் இல்லாத நாளில் அங்கே போவது பற்றி உருப்படியாக ஒன்றும் இல்லை. இந்த இடைவெளியை முதன்முதலாக நிரப்புகிறவன் நானே என்று அறிவித்துக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ‘முதன்முதலாக’ என்ற சொல் இல்லாத ஆய்வேட்டை நம்மவர்கள் பைண்டிங்குக்கே கொடுப்பதில்லை.

முதற்கண் கால வரையறை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் கேரளத்தில் இறங்குகிறது. அதில் ஒரு பங்கு ஆரியங்காவுக் கணவாய் வழியே இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதால் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் சாரல் அடிக்கிறது. சிற்றாற்றில் தண்ணீர் வருகிறது. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் கொட்டுகின்றன. இது ஆனி, ஆடி, ஆவணி. பிறகு வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் தண்ணீர் தருகிறது. அதையொட்டிச் சபரிமலைக்குப் போவோரும் வருவோரும் குளித்துச் செல்வதால், மகரவிளக்கு முடியும் வரை உள்ள நாட்களைக் கடைக்காரர்கள் ‘ஐயப்ப சீசன்’ என்பார்கள். எஞ்சுவன மாசி, பங்குனி, சித்திரை, வைகாசியில் முக்கால். தை மாதத்தின் பின்பாதி எந்தக் கணக்கில் சேரும் என்பதில் பேரருவிப் பள்ளிக்கும் ஐந்தருவிப் பள்ளிக்கும் தீராப் பகை. அதில் நான் தலையிடவில்லை. இரு பள்ளிகளிலும் எனக்குக் கடன் பாக்கி இருக்கிறது.

ஒப்பியல் இல்லாத ஆய்வு ஆய்வன்று. எனவே மத்தியதரைக் கடல். அங்குள்ள தீவுகளில் கோடையில் மழை கிடையாது. அதனால் கோடைதான் சீசன். குளிர்காலத்தில் மழை; அதனால் அது ஆஃப் சீசன். குற்றாலத்திலோ மழை வந்தால்தான் சீசனே தொடங்கும். 1838-39 குளிர்காலத்தில் இசைமேதை ஷோப்பானும் எழுத்தாளர் ஜார்ஜ் சாந்தும் மயோர்க்காத் தீவுக்குப் போய், வால்தெமோசா என்ற ஊரில் ஒரு பழைய மடத்தில் தங்கினார்கள். மழையும் குளிரும் வாட்டின. ஷோப்பானுக்கு இருமல் முற்றியது. பாரிஸிலிருந்து வரவழைத்த பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு வெகுநாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. சாந்த் அம்மையார் ஊர் திரும்பி அந்தத் தீவுக்காரர்களைத் திட்டி ஒரு புத்தகமே எழுதினார். இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், ஆஃப் சீசனில் போகிறவர் தண்ணீர் மிகுந்தாலும் குறைந்தாலும் புலம்புவார் என்பது. இரண்டாவது பெறப்படுவது, கேரள எல்லையிலுள்ள புளியறை செக்போஸ்ட் லாரிகளை நிறுத்திவைப்பது உலக மரபுக்குப் புறம்பானதன்று என்பது.

களமாகப் புளியறையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. குற்றாலத்திலேயே அறை எடுத்தால் நடுநிலை கெடும். வாடகை பாதியாகக் குறைந்த விடுதியில் படுத்துக்கொண்டு யாரும் உண்மை எழுதியதில்லை. புளியறை எல்லை ஊர். மலை அடிவாரத்தில் வயல். வயலுக்கு மேலே சாலை. சாலையில் கேரளத்துக்குக் காய்கறியும் வைக்கோலும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும். இங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இரு மாநிலத்துப் பயணிகளையும் ஒரே கிளாஸ் தேநீரில் ஆராயலாம். ஊர்ப்பெயரில் இருப்பது மரமா விலங்கா என்பது பற்றி இரு கட்சிகள் உள. இரு கட்சியிலும் இந்த ஊருக்கு வந்தவர் எவருமில்லை.

இனி வகைப்பாடு. முதல் வகையினர் உறவுமுறையால் வந்தோர். செங்கோட்டையில் கல்யாணம், இலஞ்சியில் காதுகுத்து. அப்படியே அருவியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் வகையினர் வழிபாட்டால் வந்தோர்: புளியறைத் தட்சிணாமூர்த்தி கோவிலின் இருபத்தேழு படிகளில் தத்தம் நட்சத்திரப் படி எது என்று எண்ணி, நடுவில் எண்ணிக்கை தவறி, மறுபடி கீழிருந்து ஏறுவார்கள். மூன்றாம் வகையினர் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட வந்தோர், இவர்களுக்கு அருவி விழுந்தாலும் ஒன்று, விழாவிட்டாலும் ஒன்று, ஆய்வுக்கு உதவார். நான்காம் வகையினர் மேல்முறையீட்டாளர்கள். குற்றாலம் வறண்டது கண்டு மனம் ஒப்பாமல், மலை ஏறி ஆரியங்காவை அடுத்த பாலருவிக்குப் போவார்கள். கோடையில் தண்ணீர் வற்றினால் கேரளத்தார் அதையும் மூடிவிடுவார்கள். மேல்முறையீடு தள்ளுபடியானபின் திரும்பி வந்து நம் பெஞ்சில் உட்காருவார்கள். ரசிகமணி டி.கே.சி. போலக் குற்றாலத்திலேயே வாழ்ந்தவர்கள் எந்த வகையிலும் சேரார். ஊர்க்காரனுக்கு ஆஃப் சீசன் கிடையாது, விருந்தாளி வராத மாதம்தான் உண்டு.

ஐந்தாம் வகையே தூய வகை. கல்யாணம் இல்லை, நேர்த்திக்கடன் இல்லை. அருவி விழாது என்று தெரிந்தே பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர். இவரிடம் காரணம் கேட்டால் சொல்லமாட்டார் (காண்க: விடுதி வருகைப் பதிவேடு, ‘வந்த நோக்கம்’ என்ற கட்டம், பக்கம் முழுக்க ‘சும்மா’). ஆனால் இவர் பையைத் திறந்து பார்த்தால் ஒரு துண்டு இருக்கும். இந்த ஆய்வின் இதயம் அந்தத் துண்டே.

அருவி இல்லாத ஊருக்குத் துண்டு ஏன்? பழக்கம் என்பார் சிலர். இக்கருத்து மேலோட்டமானது (தேநீர்க் கடை வாய்மொழி, இரண்டாம் பாடம், முதல் பாடத்தில் சர்க்கரை இல்லாததால் யாரும் முழுதும் கேட்கவில்லை). நான் கண்டது வேறு. பேரருவிக்கு எதிரே, பிடித்துக் குளிப்பதற்குப் போட்ட இரும்புக் குழாய்க் கம்பிகள் வெயிலில் கொதிக்கின்றன. மேலே பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி இறங்க வேண்டிய தண்ணீர் இல்லை. சீசனில் நுரை மறைத்திருந்த பாறை முழுசாகத் தெரிகிறது. அதில் செதுக்கிய சிறு சிறு லிங்கங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தூய வகையினர் ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாறையையே பார்த்து நிற்கிறார். எண்ணெய் தேய்க்கிறவர் இவரைப் பார்க்கிறார். குரங்கு இருவரையும் பார்க்கிறது. யாரும் பேசவில்லை. பிறகு பயணி படி இறங்கித் தெருக்குழாயடிக்குப் போய், இருபக்கமும் பார்த்துவிட்டுத் துண்டை நனைத்துப் பிழிகிறார்.

இச்செயலுக்கு அறிஞர் தரும் விளக்கங்கள் மூன்று. ஒன்று, சடங்குக் கொள்கை: அருவியில் நனையாத துண்டு ஊர் திரும்பலாகாது. இரண்டு, சான்றாவணக் கொள்கை: துண்டு என்பது வீட்டாரிடம் காட்டும் ரசீது. மூன்று, வியர்வைக் கொள்கை. இது எளிமையாக இருப்பதால் கைவிடப்பட்டது. சான்றாவணக் கொள்கைக்கு வலுவான ஆதாரம் துண்டுக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, துண்டு வேணுமா?”

“தண்ணியே விழலையே.”

“அதுக்கென்ன, வீட்ல காட்டணும்லா?”

இவ்வொரு வரியின்மேல் எழுந்த உரைகள் பல (காண்க: துண்டு வியாபாரி மரபு, நடைபாதைப் பிரிவு, அதற்கு எண்ணெய் தேய்ப்பார் எழுப்பிய தடை: துண்டு நனைந்தால் போதாது, தலையும் நனைய வேண்டும், அத்தடைக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடையாரின் விடை: தலை வீடு சேர்வதற்குள் காய்ந்துவிடும், துண்டு பாலித்தீன் பையில் காயாது, அவ்விடைக்கு அவர் மைத்துனரின் சிறப்புப்பாயிரம், அவித்த கடலை மடித்த தாளின் உட்புறம் உள்ளது, எண்ணெய்ப் பிசுக்கால் மூன்றாம் அடி சிதைந்தது, சிதைந்த அடியே மூலத்தின் உயிர்நாடி என்று நிறுவி ஒருவர் பட்டம் பெற்றுவிட்டார்). ஈரத்தின் அளவு பற்றிய ஆய்வும் நடக்கிறது. செங்கோட்டையில் ரயில் ஏறும்போது சொட்டச் சொட்ட இருந்தால் கலப்படம். இறங்கும் ஊரில் முடைநாற்றம் வந்தால் உத்தமம். முடைநாற்றமே அகச்சான்றுகளில் தலையாயது.

எதையும் சங்க காலத்திலேயே இருந்தது என்று காட்டாமல் விட்டால் தேர்வாளர் முகம் சுளிப்பார். காட்டிவிடலாம். முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் காய்ந்தால் பாலையாகத் திரியும் என்று இளங்கோ காடுகாண் காதையில் சொல்லியிருக்கிறார். ஆகவே சித்திரைக் குற்றாலம் குறிஞ்சி திரிந்த பாலை. பொழுது நண்பகல். உரிப்பொருள் பிரிவு, பிரிந்து போனது தண்ணீர். தலைவி, துண்டு ஏந்திய பயணி. தோழி, விடுதி மேலாளர். அகப்பாட்டில் கார்காலம் வந்தும் தலைவன் வராதபோது ‘இது அந்த மழை அன்று, பருவம் இன்னும் வரவில்லை’ என்று தோழி தலைவியைத் தேற்றுவாள். இங்கே மரபு தலைகீழ். “நேத்து ராத்திரி மலையில இடி கேட்டுச்சு சார், இன்னொரு நாள் தங்குனியன்னா விழுந்துரும்” என்று பருவம் வந்ததாகவே தோழி சாதிப்பார். தங்கினால் வாடகை தோழிக்கு. இந்த நுட்பத்தை உரையாசிரியர் எவரும் தொடாதது வியப்பே.

குரங்குகள் பற்றி ஓர் அதிகாரமே எழுத எண்ணம். திருக்குற்றாலக் குறவஞ்சியில் மேலகரத்துக் கவிராயர் காட்டும் வானரங்கள் மந்திகளுக்குக் கனி கொடுத்துக் கொஞ்சுகின்றன. இப்போதுள்ளவை என் குறிப்பேட்டைப் பறித்துப் போயின. உண்ணத்தகாதது என்று கண்டதும் கீழே எறிந்தன. என் ஆய்வை இவ்வளவு விரைவாகவும் நேர்மையாகவும் படித்து முடித்த குழு வேறொன்றில்லை.

மேற்கண்ட முடிபுகளைச் சரிபார்க்கக் குற்றாலத்திலேயே ஒரு கருத்தரங்கு கூட்ட வேண்டும் என்றும், பொருளுக்கு ஏற்பச் சித்திரை முதல் வாரத்தில் கூட்ட வேண்டும் என்றும் எழுதிக் கேட்டேன். கருத்தரங்குக் குழு ஏகமனதாக ஏற்றது. பொருள் புதுமையானது, இடம் பொருத்தமானது என்று பாராட்டியது. தேதியை மட்டும் ஆடிக்கு மாற்றியிருக்கிறார்கள். கட்டுரை வாசிப்போர் ஆளுக்கொரு துண்டு கொண்டுவர வேண்டுமாம்.