கலரு பாத்தாச்சு, காயிதம் பாத்தியா கண்ணு?

ஏங்கண்ணு, காரு வாங்கப்போறியாமா? வண்டி வர்றதுக்கு முந்தியே சேதி வந்து ஊருக்குள்ள சுத்துது. கலருகூட முடிவாயிருச்சாமா, செவப்பு. நல்லது. கூரைல கண்ணாடி வெச்ச வண்டிதான் வேணும்னு ஊட்டுல ஒத்தைக்கால்ல நிக்கறியாமா. அது எதுக்கு சாமி? காங்கேயத்து வெய்யலு ஜன்னல் வழியா வர்றது பத்தாதுன்னு மண்டை மேல நேரா வேற எறங்கோணுமா? மழை பேஞ்சா மூடிக்குவ. வெய்யலடிச்சா திரைய இழுத்துக்குவ. லாரிக்குப் பின்னால போனா புழுதின்னு சாத்திக்குவ. அப்ப அதைத் தொறக்கறது எப்ப? போட்டோ புடிக்கறப்ப. அதுக்கு எழுவதாயிரமோ எம்பதாயிரமோ எச்சாக் குடுப்பியாக்கும்.

சின்ன வண்டி எடுத்தா ஒறம்பரை என்ன நெனப்பாங்கன்னு கேட்டியாமா. ஒறம்பரை தவணை கட்டுவாங்களா? டாட்டாக்காரங்க நானோன்னு ஒரு வண்டி விட்டாங்க, உனக்கு நெனவிருக்கோ என்னமோ. 2008ல காட்டி 2009ல வித்தாங்க. 624 சிசி. ஒரு லச்ச ரூவாக் காருன்னு நாடே பேசுச்சு. ஒரே ஸ்கூட்டர்ல புருசன் பொண்டாட்டி கொழந்தைகன்னு தொத்திக்கிட்டுப் போறதப் பாத்து ரத்தன் டாட்டாவுக்கு வந்த ரோசனை அது. நல்ல ரோசனைதான். நம்மாளு வாங்குனானா? இருக்கறதுலயே வெல கம்மியான வண்டின்னு ஊரே சொல்றதுல எப்படிப் போயி எறங்கறதுன்னு கூச்சப்பட்டுட்டான். 2018ல கதை முடிஞ்சுபோச்சு. வேற கோளாறும் இருந்துது, இல்லீங்கல. ஆனா வெல கம்மின்னு தம்பட்டம் அடிச்சதே தப்பாப் போச்சுன்னு அந்தப் பெரியவரே பொறவு சொன்னாரு.

மாருதி 800 இருந்துது பாரு. 1983 டிசம்பர்ல வந்தது, 2014 ஜனவரி வரைக்கும் செஞ்சாங்க. அது மட்டும் என்ன கப்பலா? 796 சிசி. ஆனா அன்னிக்கு அதுல வந்து எறங்கறவன் தோரணையப் பாக்கோணுமே, கலெக்டர் தோத்தாரு. மாப்பளைக்குக் காரு வாங்கிக் குடுத்தோம்னா அதுதான். இன்னிக்கு அதே அளவு வண்டியக் காட்டினா உனக்கு மூஞ்சி சுருங்குது. வண்டியா சுருங்கிப்போச்சு?

2025 செப்டம்பர் 22ல இருந்து சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18க்கு எறங்கிருச்சு, இதான் நேரம்ங்கறே. சரி, எறங்குச்சு. நீ என்ன பண்ணறே? எறங்குன காசுக்கு அதே வண்டில ஒரு மாடல் மேல ஏறிக்கறே. அப்பறம் எங்க எறங்குச்சு? ஷோரூம் பலகைல எழுதிப்போட்ட வெலை ஒண்ணு, ரோட்டுக்கு வர்ற வெலை வேற. நம்ம தமிழ்நாட்டுல ஆயுள் வரி 2023 நவம்பர்ல ஏத்துனது, அஞ்சு லச்சம் வரைக்கும் நூத்துக்குப் பன்னெண்டு, அஞ்சுக்கு மேல பத்து வரைக்கும் பதிமூணு. அதுக்கு மேல இன்சூரன்சு. தவணை பன்னெண்டாயிரந்தான்னு ஷோரூம் பையன் சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். அவன் உன்ற ஊட்டுல வந்து பெட்ரோல் போடுவானா? டயரு தேஞ்சா மாத்தித் தருவானா?

அதனால இப்பப் பழசும் பாக்கறேன்னு கெளம்பியிருக்கறது நல்ல காரியம். மொதக் காரு எப்படியும் உரசும். ஊட்டுக் கேட்டு ஒண்ணு, கல்யாண மண்டபத்துத் தூணு ஒண்ணு. பழசுல உரசுனா மனசு கொஞ்சமா நோகும்.

ஆனா பழைய காரு விக்கற கன்சல்டிங்ல போயி நின்னா அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? ‘லேடி டாக்டர் ஓட்டுன வண்டிங்க, ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் மட்டுந்தானுங்க.’ எந்தக் கன்சல்டிங்குக்குப் போனாலும் ஒரு லேடி டாக்டர் வண்டி நிக்குது. நம்ம ஜில்லாவுல இத்தன லேடி டாக்டருக இருந்தா கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எதுக்கு சாமி அவ்வளவு கூட்டம்?

கண்ணபுரத்துச் சந்தைக்குப் போயிருக்கியா? சித்திரைல மாரியம்மன் தேரோட கூடற மாட்டுச் சந்தை. யாவாரி கொம்பச் சீவி எண்ணெ பூசி, கழுத்துல சலங்கை கட்டித்தான் நிறுத்துவான். வாங்க வந்தவன் சலங்கையவா பாப்பான்? தாடையப் புடிச்சு வாயப் பொளந்து பல்ல எண்ணுவான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துபோச்சா? அப்பறம் நடக்க விட்டுப் பின்னால நின்னு பாப்பான். காருக்கும் பல்லு இருக்குது கண்ணு. நீதான் பாலீசப் பாத்து நின்னுபோறே.

டயரு ஓரத்துல குனிஞ்சு பாரு. ஒரு கட்டத்துக்குள்ள நாலு எண்ணு இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருசம் 23ஆவது வாரத்துல செஞ்ச டயரு. வண்டி 2019 மாடலு, மீட்டர்ல இருவதாயிரம் கிலோமீட்டர்னு காட்டுது, ஆனா நாலு டயரும் 2023ல செஞ்சதுன்னா, பழைய நாலும் எங்க போச்சு, எதுக்குப் போச்சுன்னு கேளு. கிளச்சுப் பெடல் ரப்பரப் பாரு. மீட்டரத் திருப்பறவன் அதை மாத்த மறந்துருவான். கதவுக் கண்ணாடி ஒவ்வொண்ணுலயும் மூலைல பொடி எழுத்து இருக்கும். மூணு ஒரே மாதிரி, ஒண்ணு மட்டும் வேற கம்பெனின்னா அந்தப் பக்கம் என்னமோ நடந்திருக்குது. சீட் பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழு. வண்டி கழுவறவன் வெளிய இருக்கற மொழத்தக் கழுவுவான், உள்ள சுருண்டு கெடக்கறதத் தொடமாட்டான். அதுல சேத்துக் கறை இருந்துதுன்னா வண்டி வெள்ளத்துல நின்னது. எத்தனை சென்ட் அடிச்சிருந்தாலுஞ் சரி.

பானட்டத் தொட்டுப் பாரு. நீ வர்றேன்னு தெரிஞ்சு முன்கூட்டியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருந்தா, ‘நாளைக்குக் காலைல வர்றனுங்க’ன்னு சொல்லிப்போட்டு வந்துரு. ஆறிக் கெடக்கற வண்டி ஸ்டார்ட் ஆகறப்பத்தான் உண்மை பேசும். பொகை நீலமா வந்தா இஞ்சின் ஆயில் குடிக்குது. ஆயில் மூடியக் கழட்டி அடிப்பக்கம் வெள்ளையாப் பிசுபிசுன்னு இருந்தா உள்ள தண்ணி கலந்திருக்குதோன்னு சந்தேகப்படு. இதெல்லாம் பாக்க உனக்குத் தெரியாதுன்னா மெக்கானிக்கக் கூட்டிக்கிட்டுப் போ. உன்ற மெக்கானிக்க. ‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கறான், அவனே பாத்துச் சொல்லுவான்’னு கன்சல்டிங்காரன் காட்டறவன இல்ல.

ஆர்சி புக்குல டி போர்டா ஓடி ஓன் போர்டா மாத்துனதான்னு பாரு. பேங்குக் கடன் முடிஞ்சு எச்பி கேன்சல் ஆயிருக்குதான்னு பாரு. போலீசு அபராதம் பாக்கி கெடக்குதான்னு போன்லயே தெரியும். அதோட விடறேன்.

இப்ப இன்சூரன்சுக்கு வருவோம். ஏன் கொட்டாவி விடறே? கலரு முடிவு பண்ண ஒரு மாசம் எடுத்துக்கிட்டே. நாப்பது வீடியோ பாத்தே. இதுக்கு மட்டும் ‘அவங்களே போட்டுக் குடுத்துருவாங்க’ங்கறே. ஜூஸ் குடுத்து மூணு காயிதம் நீட்டுவான், நீ ஜூஸ உறிஞ்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டுத் தாட்டி விட்டுருவ. ஷோரூம்லயேதான் எடுக்கோணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல கண்ணு. வெளிய நாலு எடத்துல கேட்டுப்போட்டு வந்து அங்க பேரம் பேசு.

தேர்டு பார்ட்டின்னு ஒண்ணு. கட்டாயம் வேணும். இல்லாம ஓட்டுனா மொதத் தடவை 2,000 ரூவா, மறுபடியும் மாட்டுனா 4,000. மூணு மாசம் உள்ள போகவும் சட்டத்துல எடம் இருக்குது. இது நீ இடிச்சவனுக்கு. ஆளுக்கு அடிபட்டா தீர்ப்பாயம் சொல்ற தொகைக்குக் கம்பெனி பொறுப்பு, அதுக்கு வரம்பு கெடையாது. கடைய இடிச்சுப்போட்டா ஏழரை லச்சம் வரைக்கும். உன்ற பானட்டு நசுங்குனா? அது உன்ற பாடு.

லண்டன்ல இருக்கற பையனுக்குச் சின்ன வயசுன்னாலே பிரீமியம் கண்ணு முழி பிதுங்கற மாதிரி ஏறும். நம்மூர்ல தேர்டு பார்ட்டிக்கு என்ற வயசும் உன்ற வயசும் ஒண்ணு. இஞ்சினத்தான் கேப்பான். 2022 சூன்ல கவர்மெண்டு வெச்ச ரேட்டுப்படி, ஆயிரம் சிசி வரைக்கும் வருசத்துக்கு 2,094 ரூவா. ஆயிரத்துக்கு மேல ஆயிரத்தி ஐநூறு வரைக்கும் 3,416. அதுக்கும் மேலன்னா 7,897. ஜிஎஸ்டி தனி. ஒறம்பரை அசந்து போகோணும்னு பெரிய இஞ்சின் எடுத்தா, அசரறதுக்கு வருசா வருசம் நீதான் காசு கட்டோணும். புது வண்டின்னா இத மூணு வருசத்துக்கு ஒட்டுக்காக் கட்டோணும், 2018ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

உன்ற வண்டிக்கும் சேத்து எடுக்கற ஃபுல் இன்சூரன்சுல ஐடிவின்னு ஒரு எண்ணு போட்டிருப்பான். வண்டி திருட்டுப் போனாலோ, சரி பண்ண முடியாம நசுங்கிப்போனாலோ கைக்கு வர்ற தொகைக்கு அதுதான் கணக்கு. நீ குடுத்த வெலை இல்ல. வருசம் ஏற ஏற எறங்கும், நாலு முடிஞ்சு அஞ்சாவது வருசம் நடக்கறப்ப பாதிக்குப் பாதி. ‘பிரீமியம் ரெண்டாயிரம் கொறச்சிருக்கறனுங்க’ன்னு ஏஜெண்டு சொன்னா எதக் கொறச்சான்னு பாரு. இதத்தான் கொறச்சிருப்பான். நீ நன்றி வேற சொல்லிப்போட்டு வருவ.

பழைய வண்டிக்கு ஃபுல் வேணுமான்னு கேட்டா என்ற நாயம் இதுதான். வண்டி ஒண்ணர லச்சம்னு வெச்சுக்குவோம். நாளைக்கு அது மொத்தமாப் போச்சுன்னா ஒண்ணர லச்சத்த உன்ற பெட்டில இருந்து எடுத்து வெக்க முடியுமா? முடியும்னா தேர்டு பார்ட்டியோட நிறுத்திக்க. தொண்டை அடைக்குதா? அப்ப ஃபுல்லு எடு. சாவி தொலைஞ்சா குடுப்போம், டயரு வெடிச்சாக் குடுப்போம்னு லொட்டு லொசுக்கெல்லாம் சேத்து விடுவான். வண்டி புதுசா இருந்தா தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் மட்டும் எடு. உன்ற வீதில மழைக்குத் தண்ணி நிக்கும்னா இஞ்சினுக்குத் தனியாப் போடு. 2015ல சென்னைல வெள்ளம் வந்தப்ப, தண்ணீல நின்ன வண்டிய அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணி இஞ்சினக் கெடுத்தவங்களுக்குச் சாதாப் பாலிசில பணம் வர்றது பெரும்பாடாப் போச்சு.

அப்பறம் நோ கிளெயிம் போனசு. ‘அம்பது பர்சண்டு இருக்குதுங்க, வண்டியோட அதுவும் உங்களுக்குத்தான்’னு விக்கறவன் தாராளமா அள்ளி உடுவான். அது வண்டிக்கு இல்ல, அந்த ஆளுக்கு. அஞ்சு வருசம் கிளெயிம் கேக்காம ஓட்டுனது அவன். நீ ஒண்ணுமில்லாமத்தான் தொடங்கோணும். மொத வருசத்துக்கு இருவது, அப்பறம் இருவத்தஞ்சு, முப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, அம்பதுன்னு ஏறும். அவன் போனசுல நீ ரெனீவல் பண்ணிப்போட்டா கிளெயிம் கேக்கற அன்னிக்குத்தான் குட்டு ஒடையும்.

உனக்குன்னு போனசு வந்த பொறவு கேட்டுல உரசி பம்பர் ஒடஞ்சு போச்சுன்னு வெய்யி. புதுசு மூவாயிரம். பிளாஸ்டிக்குன்னு கம்பெனி பாதியக் கழிக்கும், ஆயிரத்தி ஐநூறு. அதுல உன்ற பங்குன்னு ஆயிரம் புடிச்சுக்கும். மீதி? ஐநூறு. அந்த ஐநூறு ரூவாய்க்குக் கிளெயிம் எழுதி வருசக்கணக்காச் சேத்த போனசு பூராத்தையும் தொலைச்சுப்போட்டு வருவியாக்கும், கெட்டிக்காரன்.

‘பேரு அப்பறம் மாத்திக்கலாங்க, என்ன அவசரம்’னு சொல்லுவாங்க பாரு, அங்கதான் முக்காவாசிப் பசங்க கவுந்துபோறது. 29, 30 பாரத்துல கையெழுத்து வாங்கி ஆர்சில பேர மாத்து. இன்சூரன்சுலயும் பதினாலு நாளுக்குள்ள எழுதிக் குடு. தேர்டு பார்ட்டி தானா உன்ற பேருக்கு வந்த கணக்கு. ஃபுல்லு அப்படி வராது. வண்டி உன்றது, பாலிசி எவனோடதோன்னா, நசுங்குன வண்டிக்கு யாருக்குக் குடுக்கறது? ஓட்டற ஓனருக்குன்னு 15 லச்ச ரூவா விபத்துக் காப்பு இருக்குது, கட்டாயம் எடுக்கறது. அதுக்கும் ஓனர்னு உன்ற பேரு இருக்கோணும், கைல லைசென்சும் செல்லுபடியா இருக்கோணும். லைசென்சு இல்லாத சித்தப்பன் மகன் ‘சித்தெ ஒரு ரவுண்டு’ன்னு சாவியக் கேப்பான். பாசமெல்லாம் பலகாரத்துல காட்டு.

கடைசியா ஒண்ணு. வெள்ளிக்கெழமை ஒம்பதரைக்கு நல்ல நேரம்னு பாத்து வெச்சிருக்கறீங்களாமா. தேங்கா, எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கியாச்சாமா. பாலிசில எத்தன மணில இருந்துன்னு போட்டிருக்குதுன்னு பாத்தியா? பழைய பாலிசி காலாவதி ஆயிருந்துதுன்னா, கம்பெனிக்காரன் வந்து வண்டியப் பாத்து போட்டோ புடிச்ச பொறவுதான் புதுசா ஃபுல்லு தருவான். அதுலயும் அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணில இருந்துன்னுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஒம்பதரைக்குப் பூசை போடு, பழத்த நசுக்கு, தீவாரணை காட்டு. காட்டிப்போட்டு வண்டிய அங்கியே வுட்டுப்போட்டு பஸ்ஸுல ஊட்டுக்கு வந்துரு. கன்சல்டிங்காரன் ஒரு ராத்திரிக்கு வாடகையா கேக்கப்போறான்?