பேர் வாங்கப் போறியாலே?

ஏலே மக்கா, வா. இப்படித் திண்ணையில உக்காரு. கழுத்துல தொங்குத அந்தச் சுமைய முதல்ல எறக்கி வை. பாத்தா எனக்கே கழுத்து வலிக்கி.

நீ நீட்டுன கார்டப் பாத்தேன். நல்லா வழவழன்னு கெட்டியா இருக்கு. ஒம் பேருக்குக் கீழ 'விஷுவல் ஸ்டோரிடெல்லர்'. அதுக்குக் கீழ 'டிராவலர், ட்ரீமர்'. எல்லாஞ் சரி, போட்டோ புடிப்பேன்னு எங்கயும் போடக் காணமே? ரேசன் கார்டுக்குப் படம் எடுக்கணும்னு ஒருத்தன் வந்தா, கனவு காணுதவன்கிட்டயா வந்து நிப்பான்?

நானும் கோயில்பட்டிப் பக்கம் முப்பது வருசத்துக்கு மேல ஸ்டுடியோ வச்சிருந்தவந்தான். ஒரு ரோலுக்கு 36 படம். மாட்டும்போது பிலிம மிச்சம் புடிச்சு மாட்டுனா 37, 38 வரைக்கும் இழுக்கலாம். அந்த ரெண்டு படந்தான் நமக்கு லாபம். கல்யாண வீட்டுல ரோலு தீந்த பெறகும் வந்து நிக்கிற சொந்தக்காரன் மனசு நோவக்கூடாதுன்னு, சும்மா பிளாஷ மட்டும் அடிச்சு அனுப்பினவனும் உண்டு. யாருன்னு கேக்காத. நீ போன ஞாயித்துக்கெழம அந்த வாழ மரத்த எத்தன படம் எடுத்த? நானூறா? அது குல தள்ளுத வரைக்கும் விடலியாக்கும்?

வெளம்பரமே கூடாதுன்னு நான் சொல்ல வரல. எங்க ஷோகேஸ் கண்ணாடி பின்ன என்னவாம்? ஊருக்குப் புதுசா ஒரு சப்-இன்ஸ்பெக்டர் மாத்தலாகி வந்தாருன்னா, ரெண்டாம் நாளே கூட்டிட்டு வந்து காசு வாங்காம ஒரு படம் எடுத்துருவேன். மீசைய மட்டும் நெகட்டிவுல கொஞ்சம் டச்சிங் பண்ணி, பெருசாப் போட்டு, ஷோகேஸ் நடுவுல வச்சிருவேன். அதுக்குப் பெறகு கட வாசல்ல ஒருத்தன் வண்டிய நிறுத்துவானா? அவரு மாத்தலாகிப் போன அன்னைக்கே படம் உள்ள போயிரும், அடுத்தவரு மீச வெளிய வந்துரும். இதுக்குத்தான் நீங்க நெட்வொர்க்கிங்குன்னு பேரு வச்சிருக்கிய. நாங்க காக்கா புடிக்கிறதுன்னு சொன்னோம்.

இப்பம் நீ பண்ணுத கூத்தப் பாரு. காலையில எந்திரிச்சதும் அம்பது பேரு படத்துக்கு 'செம ப்ரேம் ப்ரோ'ன்னு போடுத. அந்த அம்பது பேரும் சாயங்காலம் ஒனக்குத் தீ எரியுத படம் போடுதான். இது மொய் எழுதுததுல்லாலே? அவன் வச்சா நீ வைக்கணும், நீ வச்சா அவன் வைக்கணும். மொய் வச்சவனாவது பந்தியில உக்காந்து ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டுப் போவான். ஒன் படத்த ஒருத்தனாவது ரெண்டு நிமிசம் உக்காந்து பாத்தானா?

அதுபோக, ஒங்கூட்டாளி பேருக்குப் பின்னால வால் மாரி நாலஞ்சு எழுத்து. கேட்டா ஃபியாப்ங்கான். ஒலகம் பூரா உள்ள போட்டோக்காரக் கூட்டமைப்பாம். அவுக அங்கீகாரம் குடுத்த போட்டிகளுக்குக் கட்டணங் கட்டிப் படம் அனுப்பணும். இத்தன படம் தேறணும், இத்தன நாட்டுல தேறணும்னு ஒரு கணக்கு. கணக்கு நெறஞ்சா ஏஃபியாப், இன்னுங் கூடுனா ஈஃபியாப். நல்ல கைக்காரங்களும் அதுல இருக்காங்க, இல்லங்கல. ஆனா ஒரே கெடாவ ஊரூராச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாரி, ஒரே படத்த நாடு நாடாச் சுத்த விடுதவனும் இருக்கான். கெடாவுக்கே சலிச்சுப் போயிருக்கும்.

நீ செல்லுல ஒரு நியூயார்க்காரனக் காட்டுனியே. ஆர்தர் ஃபெலிக்கு. ஊருக்கு வீஜீ. படத்துக்குப் பின்னால 'புகழ்பெற்ற வீஜீ'ன்னு தனக்குத் தானே ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கிட்ட ஆளு. 'பாத்தியா தாத்தா, அவரே அப்படித்தான்'ன்னு ஒனக்கு ஒரே சந்தோசம். ஸ்டாம்பப் பாத்த, சரி. அவன் கார் டிக்கியப் பாத்தியா? டைப்ரைட்டரு, பிளாஷ் பல்பு எல்லாம் அதுக்குள்ளதான். கார்ல போலீஸ் ரேடியோ ஓடிட்டே இருக்கும். 1940 வாக்குல, கொல விழுந்த எடம், தீப்புடிச்ச வீடுன்னா, ராத்திரி எந்நேரமானாலும் மொத ஆளா நிப்பான். முழிச்சிக் கெடந்தவன் குத்துன ஸ்டாம்பு அது. நீ எந்திரிக்கதே பத்து மணிக்கு. இதுல விடியக்காலை வெளிச்சத்தப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க.

அதே அமெரிக்காவுல இன்னொருத்தன், பிராடி. 1860ல லிங்கனப் படம் எடுத்தவன். உள்நாட்டுச் சண்ட நடக்கும்போது களத்துல போயிப் பொணங்களுக்கு நடுவுல நின்னு எடுத்தது கார்ட்னர், ஓசல்லிவன் மாரி ஆளுக. வெளிய போனது நெறைய பிராடி பேருல. அவனுக்குக் கண்ணும் சரியாத் தெரியாதாம். வெளம்பரத்துல ஒங்களுக்கெல்லாம் பாட்டன். 1896ல செத்தப்பம் கையில காசில்ல. பேரு மட்டும் நின்னுச்சு.

அதெல்லாங் கெடக்கட்டும். நேத்து என்னமோ மொகத்தத் தொங்கப் போட்டுட்டு வந்தியே, 'விவியன் மேயர் கதி எனக்கும் ஆயிருமோ தாத்தா'ன்னு. சிகாகோவுல அடுத்தவுக பிள்ளைகள வளத்த பொம்பள. லட்சத்துக்கு மேல படம் எடுத்து, பெட்டி பெட்டியா வச்சுப் பூட்டிருந்தா. வாடக கட்டலன்னு 2007ல பெட்டி ஏலத்துக்குப் போச்சு. 2009ல அவ கண்ண மூடுன பெறகுதான் ஒலகம் தூக்கி வச்சு ஆடுது. ஏலே, ஒனக்கு எதுக்குலே அந்தப் பயம்? நீ எடுத்த நாலாவது நிமிசம் துபாய்ல இருக்க ஒங்க சித்தப்பன் பாத்துருதான். ஏலத்துக்கு விட ஒங்கிட்ட என்ன மிச்சம் இருக்கு?

போன தசராவுக்குக் குலசைக் கோயிலுக்குப் போயிருந்தேன். மாலை போட்டு, விரதம் இருந்து, ஊரூராத் தர்மம் எடுத்து, ஒருத்தன் காளி வேசத்துல வாரான். மொகம் பூரா செவப்பு, தலையில கிரீடம், மேளச் சத்தத்துல ஆட்டம். சுத்தி அம்பது கேமரா. ஒருத்தன் மணல்ல மல்லாக்கப் படுத்துட்டான். 'அண்ணே, நாக்க இன்னொரு தரம் நீட்டுங்கண்ணே'ங்கான். 'கொஞ்சம் இடது பக்கம்'ங்கான் இன்னொருத்தன். சாமி வந்தவன் என்ன பண்ணுவான்? திரும்பிப் பாத்தான். மறுநாள் ஒங்கூட்டாளிக படத்தையெல்லாம் பாத்தேன். காளி ஒண்ணு, காளிக்குப் பின்னால கேமரா நாப்பத்தொம்பது.

ஹோமாய் வியாரவாலான்னு ஒரு அம்மா. நம்ம நாட்டுல பத்திரிகைக்குப் படம் எடுத்த மொதப் பொம்பள. ஆரம்பத்துல அவுக படம் புருசன் பேர்லதான் வந்துச்சு. நேரு காலத்து டெல்லி பூராவும் அவுக கேமராவுக்குள்ள. புதுசா வந்த பயலுக தள்ளுமுள்ளப் பாத்துச் சகிக்காம, 1970 வாக்குல போதும்னு கேமராவக் கீழ வச்சுட்டாக. 2011ல அரசாங்கமே தேடி வந்து பத்ம விபூஷண் குடுத்துச்சு. அவுகளுக்கு டேக் போட்டது யாருலே?

சரி, நான் கூப்பிட்ட காரியத்துக்கு வாரேன். வடக்குத் தெரு ஆச்சி வெத்தல இடிக்கிற மாரி ஒரு படம் எடுத்தியே. கறுப்பு வெள்ளையில, மொகத்துச் சுருக்கம் ஒண்ணு விடாம. 'ரிங்கிள்ஸ் ஆஃப் டைம்'னு பேரு வேற வச்சிருக்க. ரெண்டாயிரம் பேரு இதயம் போட்டிருக்கான். அந்தக் கெழவி வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம இந்தத் திண்ணையக் கடக்கும்போது கேக்கா: 'ஏய்யா, ஒம் பேரன் படம் தாரேன்னானே, எப்பம் தருவான்?' நீ 'அனுப்புதேன் ஆச்சி'ன்னு சொல்லிட்டு வந்துட்ட. அவகிட்ட இருக்கது பட்டன் செல்லு. அதுல எப்படி அனுப்புவ? நானும் 'வரும் வரும்'னு சொல்லி, ஒனக்காவ மூணு மாசமாப் பொய் சொல்லிட்டுத் திரியுதேன்.

எந்திரி. டவுனுக்குப் போயி ஒரு பிரிண்டு போட்டுச் சட்டம் மாட்டிட்டு வா. ஆனா ஒண்ணு, பாத்ததும் கெழவி ஏசுவா. 'பாம்படத்தப் போட விட்டானா? மகன் எடுத்துக் குடுத்த சுங்கடிச் சீலயக் கட்ட விட்டானா? பொக்க வாயும் பழஞ்சீலயுமா எடுத்திருக்கானே'ம்பா. வாங்கிக் கட்டிக்கோ. பெறகு அவ சொல்லுத சீலையில, அவ சொல்லுத நாக்காலியில உக்கார வச்சு, மொகத்துக்கு நேரா ஒரு படம் எடு. கலர்ல எடு. அதுக்கு இதயம் விழாது. ஆனா கெழவி அத முந்தானையில பொதிஞ்சு வச்சு, வடக்குத் தெருவுல ஆரம்பிச்சு சந்த வரைக்கும் காட்டாம விடமாட்டா.

போ, எட்டு மணிக்குக் கடையச் சாத்திருவான். அந்தக் கார்டு மிச்சம் இருந்தா ஆச்சிகிட்டயும் ரெண்டு குடு. நல்ல கெட்டி அட்ட. சுண்ணாம்பு வழிக்க ஆகும்.